கால் வீடு, மொட்டை வாடகை

கேள்வி: அக்கா, என் கணவர் ஒன்றரை வருடமாக நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வேலை பார்க்கிறார். இதுவரை ஓர் அறையில் தனியாக இருந்தார். இப்போது நானும் ஐந்து வயது மகளும் போகிறோம். பக்கத்து ஊரான டென் ஹாக்கில் (நாம் ஹேக் என்று சொல்லும் ஊர்), ட்ரான்ஸ்வால் என்ற பகுதியில் ஒரு வீடு வந்திருக்கிறது. 58 சதுர மீட்டர், மாதம் 1,350 யூரோ. விளம்பரத்தில் ‘கால்’ என்று போட்டிருக்கிறது. மூன்று மாத வாடகை அட்வான்ஸ், ஒரு மாத வாடகை கமிஷன், ஒரு வருட ஒப்பந்தம். எங்கள் பெயரை இப்போதைக்கு அந்த முகவரியில் பதிய வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். அலுவலக நண்பர்களோ, “அந்தப் பக்கமே போகாதே, எல்லாம் வெளிநாட்டு ஆட்கள்” என்று பயமுறுத்துகிறார்கள். பக்கத்து வீட்டில் எந்த மாதிரி ஆட்கள் இருப்பார்கள்? குழந்தையோடு அங்கே இருக்க முடியுமா?
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: தங்கைக்கு,

முதலில் ஒன்று கேட்கிறேன். “எல்லாம் வெளிநாட்டு ஆட்கள்” என்று சொன்ன அந்த நண்பர்கள் எந்த ஊர்க்காரர்கள்? கோயம்புத்தூரா, புனேயா? நீங்களும் நாளைக்கு அங்கே போய் இறங்கினால் அந்தக் கணக்கில் மூன்று பேர் கூடப் போகிறார்கள், அவ்வளவுதான். “எந்த மாதிரி ஆட்கள்” என்ற கேள்வியை நீங்கள் வேறு எங்கேயோ கேட்டிருப்பீர்கள். சென்னையில் வீடு தேடியபோது, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வீட்டு ஓனர் நம்மைப் பார்த்துக் கேட்டது அதே கேள்விதான். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நானும் இங்கே டென் ஹாக்குக்கு வந்த புதிதில் இதையேதான் கேட்டேன்.

டென் ஹாக்கில் இந்தப் பயம் பழையது, வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. ஊரின் கடலோரப் பாதி மணல் மேடு. உள்பாதி கரிச்சேறு, மிதித்தால் நீர் கசியும் சதுப்பு மண். காசுள்ளவர்கள் மணல்மேல் வீடு கட்டினார்கள், உழைப்பாளிகளுக்குச் சேறு கிடைத்தது. “மணல்மேல் இருப்பவனா, கரிமேல் இருப்பவனா” என்று இன்றைக்கும் இங்கே ஆளை எடை போடுகிறார்கள். மேர்டர்வோர்ட் சாலை என்று ஒரு நீண்ட சாலை, அதுதான் எல்லைக்கோடு என்பது ஊர்ப்பேச்சு. ட்ரான்ஸ்வாலும் அதை ஒட்டிய ஸ்கில்டர்ஸ்வைக்கும் கரிப்பக்கம். வாடகை குறைவாக இருப்பதற்கும் பெயர் கெட்டுக் கிடப்பதற்கும் பாதிக் காரணம் இந்த நூறு வருடத்துப் பழக்கம்தான்.

ட்ரான்ஸ்வால் என்ற பெயர் உங்களுக்கு எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? தில்லையாடி வள்ளியம்மை, காந்தியின் போராட்டத்தில் 1913-இல் நடந்த நடைப்பயணம் ஞாபகம் வரும். அதே தென்னாப்பிரிக்க ட்ரான்ஸ்வால்தான். அங்கே ஆண்ட டச்சு வம்சாவளி போயர்கள்மேல் இங்கே பெரிய அனுதாபம் இருந்த காலத்தில் கட்டிய பேட்டை என்பதால், பல தெருக்களுக்குப் போயர் தலைவர்கள் பெயர். இந்தியர்களை ஒதுக்கி வைத்த குடியரசின் அதிபர் பால் குரூகர். அவர் பெயர் தாங்கிய பால் குரூகர் தெருவில் இன்றைக்குப் புடவைக் கடை, நகைக் கடை, பூஜைச் சாமான் கடை. எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

அந்தக் கடைக்காரர்களில் பலர் சுரினாம் இந்துஸ்தானிகள். 1873-இல் ‘லாலா ரூக்’ என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முதல் கூட்டத்தில் தொடங்கி, 1916 வரை சுமார் 34,000 பேர் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்து ஆட்கள். நம் ஊரிலிருந்து மலேயாவுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போன கதைதான், கப்பல் மட்டும் வேறு. 1975-இல் சுரினாம் விடுதலை பெற்றதை ஒட்டிய வருடங்களில் அவர்களின் பேரன் பேத்திகள் பல ஆயிரம் பேர் நெதர்லாந்துக்கு வந்தார்கள். அதிகம் பேர் குடியேறியது டென் ஹாக்கில். அவர்களோடு துருக்கியர், மொராக்கோக்காரர், அண்மைக் காலமாகப் போலந்து, பல்கேரியக்காரர். பக்கத்து வீட்டில் இவர்களில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். என் அனுபவத்தில், ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் தட்டில் ஏதாவது மூடி எடுத்துக்கொண்டு வருகிற அக்கம்பக்கம் இந்தப் பகுதிகளில்தான் கிடைத்தது. மணல்பக்கத்து வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். எதிர் வீட்டுக்காரரின் நாய் பெயர் தெரியும், அவர் பெயர் தெரியாது.

சமையல் கவலை உங்களுக்கு வேண்டாம். இரண்டு பேட்டைக்கும் நடுவில் ஹாக்ஸெ மார்க்ட் என்ற திறந்தவெளிச் சந்தை, ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. திங்கள், புதன், வெள்ளி, சனி. வெண்டைக்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய் மலையாகக் கிடக்கும். பாகற்காயை ‘சொப்ரோபோ’ என்று கேளுங்கள், காராமணிக்காயை ‘கௌஸபாண்ட்’ என்று கேளுங்கள். மடாம் ஜானெட் என்ற மஞ்சள் மிளகாயிடம் மட்டும் மரியாதையாக இருங்கள். நம் காந்தாரி அதற்குத் தங்கச்சி.

குறையும் சொல்லிவிடுகிறேன். குப்பைப் பைகளைத் தெருவில் வைத்துவிடுவார்கள், கடற்பறவைகள் கிழித்து இறைத்துவிடும். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு வேண்டும். புத்தாண்டு இரவில் வெடிச் சத்தம் நம் தீபாவளியைத் தோற்கடிக்கும். அன்று குழந்தையோடு வெளியே போகாதீர்கள். 2015 கோடையில், போலீஸ் பிடியில் ஒருவர் இறந்ததை அடுத்து ஸ்கில்டர்ஸ்வைக்கில் சில இரவுகள் கலவரம் நடந்தது. உங்கள் கணவரின் நண்பர்கள் மனதில் அந்தத் தொலைக்காட்சிக் காட்சி இருக்கலாம். மற்ற நாட்களில் அங்கே சாயங்காலம் பார்த்தால் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். தெருவுக்குத் தெரு வித்தியாசம் உண்டு. அதனால் கணவரை ஒரு வேலைநாள் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நண்பர்களின் அபிப்பிராயத்தைவிட அந்தக் கால் மணி நேரம் உதவும்.

சரி, இருக்கலாமா என்றால், தாராளமாக இருக்கலாம். இந்த வீட்டை எடுக்கலாமா என்றால், இந்த நிபந்தனைகளோடு எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது ஏஜென்ட் சொன்ன நான்கு விஷயங்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை!

முதலாவது, பெயர் பதிய வேண்டாம் என்பது. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிற யாரும், வந்த ஐந்து நாளுக்குள் தாங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியில் நகராட்சியில் பதிந்தாக வேண்டும். அதில்தான் பி.எஸ்.என் என்ற குடிமக்கள் சேவை எண் வரும். அந்த எண் இல்லாமல் மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாமே முட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து வயதில் பள்ளி கட்டாயம். மகளுக்கு முகவரி இல்லாமல் என்ன செய்வீர்கள்? பதிய விடாத வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் மறைக்க ஏதாவது இருக்கும்: அவரே வாடகைக்கு எடுத்து அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவார், இல்லையென்றால் அந்த வீட்டில் ஏற்கெனவே பலர் பெயர் இருக்கும். இந்த ஒன்றுக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கமிஷன். வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் ஏஜென்ட், வாடகைக்கு வருபவரிடமும் கமிஷன் வாங்குவது இங்கே சட்டப்படி கூடாது. நீங்களே ஒருவரை அமர்த்தி “எனக்கு வீடு தேடிக் கொடு” என்றால் அது வேறு. பெயரை மாற்றி ‘நிர்வாகச் செலவு’, ‘ஒப்பந்தச் செலவு’ என்று கேட்பார்கள். என்னிடமும் ஒருவர் அப்படி வாங்கினார். திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதி வாங்குவதற்கு ஐந்து மாதம் ஆனது.

அட்வான்ஸ். 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ‘நல்ல வீட்டுக்காரர்’ சட்டத்தின்படி, அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. பெங்களூரில் பத்து மாதம் கொடுத்துப் பழகிய நமக்கு மூன்று மாதம் சலுகையாகத் தெரியும். முதல் மாத வாடகையையும் சேர்த்தால் உங்களிடம் கேட்பது 6,750 யூரோ. அதில் கமிஷனும் ஒரு மாத அட்வான்ஸும், அதாவது 2,700 யூரோ, கேட்கவே கூடாத பணம்.

ஒரு வருட ஒப்பந்தமும் சிக்கல். 2024 ஜூலை 1-க்குப் பிறகு, வெளியூர் மாணவர் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, காலக்கெடு இல்லாத ஒப்பந்தம்தான் வழக்கம். உங்கள் குடும்பம் அந்த விதிவிலக்கில் வருவதாக எனக்குத் தெரியவில்லை.

இனி வாடகைக்கு வருவோம். இந்த நாட்டில் வீட்டுக்கு மார்க் போடுகிறார்கள். பரப்பளவு, சமையலறை, குளியலறை, மின்சிக்கனத் தரம், வீட்டின் வரி மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி. அதே 2024 ஜூலையில் வந்த கட்டுபடியான வாடகைச் சட்டம், 186 புள்ளி வரையிலான வீடுகளுக்கு உச்ச வாடகையைக் கட்டிப்போட்டது. 2025-இன் அட்டவணையில் 143 புள்ளி வரை உச்சம் 900.07 யூரோ, 186 புள்ளிக்கு 1,184.82 யூரோ. ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். 187-ஐத் தொட்டால்தான் வீட்டுக்காரர் இஷ்டத்துக்குக் கேட்கலாம். 58 சதுர மீட்டர் பழைய வீடு 160 புள்ளி வாங்கினால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஆயிரம் யூரோவை ஒட்டித்தான் வரும், 1,350 அல்ல. புதிய ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கைத் தாளில் தர வேண்டியது 2025 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரரின் கடமை. கேளுங்கள். தரவில்லையென்றால் ஹூர்கொமிஸி என்ற வாடகை ஆணையத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். குடியேறிய ஆறு மாதத்துக்குள் அவர்களிடம் போய்விடுவது நல்லது. கட்டணம் 25 யூரோ, ஜெயித்தால் அதுவும் திரும்ப வரும். புகார் கொடுத்தீர்கள் என்பதற்காக உங்களை வெளியேற்ற முடியாது.

இந்தச் சட்டத்துக்குப் பின் பல முதலாளிகள் வாடகை வீடுகளை விற்றுவிட்டார்கள், அதனால் வீடு கிடைப்பது முன்பைவிடக் கடினம் என்பதும் உண்மை. ஒரு வீட்டுக்கு ஐம்பது பேர் எழுதுகிற ஊரில் முதல் நாளே புள்ளிக் கணக்குப் பேசினால் கதவு மூடிவிடலாம். பதிவும் ஒப்பந்தமும் சரியாக இருக்கும் வீடென்றால், கையெழுத்துப் போட்டுக் குடியேறிய பிறகு ஆணையத்துக்குப் போவதில் எனக்குக் கூச்சம் இல்லை. சிலர் அதைத் துரோகம் என்பார்கள். கூடுதல் வாடகை கேட்டவர் யார்?

இன்னொன்று, அந்தக் ‘கால்’. டச்சு மொழியில் அதற்கு அர்த்தம் மொட்டை. தலைக்கும் சொல்வார்கள், வீட்டுக்கும் சொல்வார்கள். வாடகையிலேயே ‘மொட்டை வாடகை’ உண்டு: தண்ணீர், எரிவாயு, சேவைக் கட்டணம் எதுவும் சேராத அடிப்படை வாடகை. மொட்டை வீடு என்றால் திரை இல்லை, விளக்கு இல்லை, தரையே இல்லை! சிமெண்டு மட்டும் இருக்கும். மரப்பலகையோ லினோலியமோ முன்பு இருந்தவர் பெயர்த்து எடுத்துக்கொண்டு போயிருப்பார். என் முதல் இரவு, ஒயர் தொங்கும் கூரைக்குக் கீழே, அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்தோம். போகிறவரிடம் பேசித் தரையையும் திரையையும் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அது வழக்கம்தான். தரையும் திரையும் உள்ள வீட்டுக்கு ‘ஹெஸ்டொஃபேர்ட்’ என்று போட்டிருப்பார்கள். புதிதாக வரும் குடும்பத்துக்கு அதுதான் சுகம்.

கணவர் வீடு பார்க்கப் போகும்போது குளியலறை மூலையிலும் படுக்கையறை வெளிச்சுவரிலும் பூஞ்சைக் கறை இருக்கிறதா என்று மோந்தே பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும்; மகளுக்குக் கம்பித் தடுப்பு வேண்டும். ஹாலண்ட்ஸ் ஸ்போர் நிலையத்துக்குச் சைக்கிளில் எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ளட்டும். அங்கிருந்து டெல்ஃப்ட்டுக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. உள்ளே போய்ப் பார்க்காமல், சாவியைக் கையில் வாங்காமல் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம்.

ஏஜென்டுக்கு இன்றைக்கே மூன்று வரி எழுதுங்கள்: மூன்று பேரும் பதியலாமா, புள்ளிக் கணக்குத் தாள் எங்கே, கமிஷன் எந்தச் சட்டப்படி. பதில் வரவில்லையென்றால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். வந்தால் எனக்கு அனுப்புங்கள். அந்த 58 சதுர மீட்டரில் மாடிப்படியையும் சேர்த்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.