32 ஜிபி ரேம் போட்டும் 24 ஜிபிதான் தெரிகிறது, ஏன்?

வாசகர் கேள்வி: உதிரிப் பாகங்களை வாங்கி நானே ஒரு கணினியை அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 3600 ப்ராசஸர். 3200 வேகமுள்ள 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. ஓராண்டாக எந்தத் தொல்லையும் இல்லை. போன மாதம் அதே மாடல் ரேம் இன்னும் இரண்டு வாங்கிப் பொருத்தினேன். அதன் பிறகு சில நாள்களில் 24 ஜிபிதான் காட்டுகிறது. முழுதாக 32 ஜிபி காட்டும் நாள்களிலோ, வேலை நடுவே நீலத்திரை வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. விண்டோஸில் உள்ள மெமரி பரிசோதனையில் பிழை இல்லை என்றே வருகிறது. பழுது புதிய ரேமிலா, மதர்போர்டிலா? எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பவை, எனக்குத் தெரிந்தவரை, இரண்டு வேறு கோளாறுகள். ஒரு ஸ்டிக் (ரேம் பலகை) அவ்வப்போது காணாமல் போவது பெரும்பாலும் தொடுமுனை சரியாகப் படியாததால் வருவது. நான்கும் தெரியும்போது நீலத்திரை வருவது பெரும்பாலும் வேக அமைப்பால் வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ரேமை மாற்றுகிறவர்கள், மாற்றிய ரேமிலும் அதே தொல்லையைக் காண்பார்கள்.

முதலில் காணாமல் போகும் 8 ஜிபியைப் பார்ப்போம். 24 ஜிபி காட்டும் நாளில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ரேமைச் செருகும் இடம்) பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது என்று கவனியுங்கள். மூன்று என்று இருந்தால் ஒரு ஸ்டிக்கைக் கணினி அறியவே இல்லை. நான்கும் தெரிந்து, 8 ஜிபி மட்டும் வன்பொருளுக்கென ஒதுக்கப்பட்டதாகக் காட்டினாலும் ஸ்டிக் சரியாகப் பொருந்தியிருப்பதாக முடிவுகட்ட முடியாது. ஸ்டிக்கின் அடையாளத் தகவலைப் படிக்கும் இணைப்பு வேறு, தரவு ஓடும் இணைப்புகள் வேறு என்பதால், பெயரைச் சொல்லிவிட்டு வேலை செய்யாத ஸ்டிக்கும் உண்டு. (ப்ராசஸரோடு கிராஃபிக்ஸும் சேர்ந்து வரும் கணினிகளில் ரேமில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். உங்கள் ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் கிடையாது. எனவே அந்தச் சந்தேகம் வேண்டாம்.)

டிடிஆர்4 ஸ்டிக் ஒன்றில் 288 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தாலே போதும், ஒரு நாள் தெரிந்து மறுநாள் மறையும். பல மதர்போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி உள்ள பக்கம் "க்ளிக்" என்று விழுந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துக் கையை எடுத்துவிடுவோம், கொக்கி இல்லாத கீழ்முனை ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றுகொண்டிருக்கும். பக்கவாட்டில் குனிந்து, ஸ்டிக்கின் கீழ்விளிம்பும் ஸ்லாட்டின் மேல்விளிம்பும் முழு நீளத்துக்கும் இணையாக இருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் குறிப்பாகச் சந்தேகிப்பது ப்ராசஸருக்கு மிக அருகில் உள்ள ஸ்லாட்டை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் ஏ1, ஏ2, பி1, பி2 என்பதே வழக்கமான வரிசை. இரண்டு ஸ்டிக் மட்டும் போடும்போது ஏ2, பி2 ஆகியவற்றில்தான் போடச் சொல்வார்கள். ஆகவே ஓராண்டாகக் காலியாக இருந்த ஏ1 இப்போதுதான் நிரம்பியிருக்கிறது. அந்த ஸ்லாட்டின் மேலேதான் பெரிய கூலரின் விசிறி நீட்டிக்கொண்டிருக்கும். நான் அமைத்த கணினி ஒன்றில் இதே போல ஒரு ஸ்டிக் வந்து வந்து போனது. இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகுதான், விசிறியின் சட்டம் ஸ்டிக்கின் உலோகக் கவசத்தைத் தொட்டு, அதைச் சற்றே சாய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். விசிறியைச் சிறிது மேலே ஏற்றி மாட்டியதும் சரியானது.

கழற்றுமுன் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். கேஸின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்ப்பது பலரது பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியே போதும்.

அடுத்தது நீலத்திரை. ரேம் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 3200 என்ற வேகம், அந்த இரண்டு ஸ்டிக்குகளும் சேர்ந்து ஓடுவதற்குச் சோதித்துத் தரப்பட்ட உறுதி. நான்குக்கு அது பொருந்தாது. உங்கள் ரைசன் 3000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு 3200 வரை என்று சொல்லும் ஏஎம்டி நிறுவனமே, நான்கு ஸ்டிக் போட்டால் ஒற்றை ரேங்க் (ஒருசேர இயங்கும் சில்லுகளின் தொகுதி) வகைக்கு 2933, இரட்டை ரேங்க் வகைக்கு 2667 என்றுதான் வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் யார் மீதும் குறை சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லுகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை; ஓராண்டு இடைவெளியில் தயாரிப்பாளர்கள் சில்லை மாற்றுவது சாதாரணம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் எஸ்பிடி (ஸ்டிக்கின் அடையாளத் தகவல்) பக்கத்தில் நான்கு ஸ்டிக்குகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் இந்த வேறுபாடு பல நேரங்களில் தெரிந்துவிடும்.

ஆகவே பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) சென்று, ரேமைப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பயன்படுத்திப் பாருங்கள். அப்போது ரேம், 2133, 2400 போன்ற அடிப்படை வேகம் ஒன்றில், 1.2 வோல்ட்டில் ஓடும். (சில மென்பொருள்கள் 1066 என்று காட்டினால் பதற வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.) நீலத்திரை நின்றுவிட்டால் காரணம் வேகம்தான். எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு, வோல்ட்டேஜை 1.35 என்றே வைத்து, வேகத்தை மட்டும் 2933க்கு இறக்குங்கள். அதிலும் தடுமாறினால் 2667. அன்றாட வேலைகளில் இந்த வித்தியாசத்தை நீங்கள் உணரப்போவதே இல்லை.

வேகத்தைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால்தான் ஸ்டிக்கையே சந்தேகிக்க வேண்டும். விண்டோஸின் பரிசோதனை இதற்குப் போதாது. அது இயல்பாகச் செய்வது இரண்டே சுற்று. மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும், அது போதுமானது. எக்ஸ்எம்பி அணைந்திருக்க, ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்டில் மட்டும் போட்டு நான்கு சுற்றையும் ஓட விடுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாமலே போய்விடும். நேரம் ஆகத்தான் செய்யும், இரவில் ஓட விட்டுத் தூங்கப் போகலாம்.

ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே முகவரியில் பிழை வந்தால் பெரும்பாலும் அந்தச் சில்லில் பழுது. நான்கு ஸ்டிக்கும் தனித்தனியே தேறிவிட்டால், தேறிய ஒன்றை ஏ1, பி1, பி2 என்று நகர்த்திச் சோதியுங்கள். ஏ1-இல் மட்டும் தோற்றால் கூலரைத் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ப்ராசஸரைக் கழற்றி அடியில் ஏதேனும் ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூலரை மெல்லத் திருகி எடுங்கள். கூலருக்கும் ப்ராசஸருக்கும் இடையில் பூசிய பசை பிடித்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால், இந்த வகைச் சாக்கெட்டில் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இவை அனைத்தும் முடியும்வரை முக்கியமான கோப்புகளை இந்தக் கணினியில் நகலெடுக்காதீர்கள். பிழையுள்ள ரேம் வழியாகப் போகும் கோப்பு ஒரு சத்தமும் இல்லாமல் சிதைந்து டிஸ்க்கில் பதிந்துவிடும். கடந்த ஒரு மாதத்தில் எடுத்த பேக்கப்பையும் திறந்து சரிபாருங்கள். கோளாறு தீர்ந்த பிறகு விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒரு முறை ஓட்டுங்கள்.

தனியாக, அடிப்படை வேகத்தில், நல்ல ஸ்லாட்டில் பிழை காட்டும் ஸ்டிக்கைத் தயங்காமல் உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள்; ஜோடியாக விற்கப்பட்டது என்றால் ஜோடியாகவே கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற முடிந்தால், 16 ஜிபி இரண்டு அடங்கிய ஒரே செட்டை வாங்கி ஏ2, பி2-இல் போடுவதே என் விருப்பம். அப்படிச் செய்தால் கூலர் தொல்லையும் நான்கு ஸ்டிக் தொல்லையும் ஒருசேர ஒழியும். பழைய 8 ஜிபி இரண்டில் ஒன்றை மட்டும் விற்காமல் எடுத்து வையுங்கள்; அடுத்த முறை கணினி முரண்டு பிடிக்கும்போது, நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஸ்டிக் கைவசம் இருக்கும்.