ஆடிக் காத்தும் கதவுக் கண்ணாடியும்: கேள்வி பதில்

கதவு, ஜன்னல் கண்ணாடி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆடிக் காற்று இப்போதுதான் அடங்கியிருக்கிறது, அதனால் கேள்விகள் குவிந்துவிட்டன. காரைக்குடி வட்டாரத்தில் கண்ணாடி வெட்டுவதும் பொருத்துவதும்தான் என் தொழில். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: தம்பி, எங்க வீட்டு வளவுக் கதவுக்கு மேல அரைவட்டத்துல கலர் கண்ணாடி இருக்கு. கதவு அடிச்சதுல சிவப்பு மட்டும் உடைஞ்சு விழுந்துடுச்சு. அதே சிவப்பு கிடைக்குமா? சாதாக் கண்ணாடி போட்டுக் கலர் பேப்பர் ஒட்டிக்கலாம்னு சொல்றாங்களே?

ஆச்சி, பேப்பர் மட்டும் வேண்டாம். ஒட்டிய புதிதில் நன்றாகத்தான் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே வெளுத்து ஓரம் சுருண்டுவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. அடர்ந்த நிறப் பேப்பர் ஒட்டிய கண்ணாடி வெயிலை அதிகமாக உறிஞ்சும். நடுப்பகுதி சூடேறி விரியும், மரச் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் அந்த அளவுக்குச் சூடாகாது. இந்த இழுபறியில் கல்லடி எதுவும் படாமலே கண்ணாடி விரிசல் விடும்.

நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் ஒருவழியாகக் கிடைத்துவிடும், சிவப்புதான் பாடுபடுத்தும். பழைய சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் முழுக்கச் சிவப்பாக இருக்காது. நிறமில்லாத கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒன்று உருக்கிப் பிடித்திருக்கும். உடைந்த துண்டைப் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், ஓரத்தில் அந்தத் தோல் கோடாகத் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெட்டுகிறவர் நிறமில்லாத பக்கத்தில்தான் கட்டரை ஓட்ட வேண்டும். தெரியாமல் சிவப்புப் பக்கம் ஓட்டினால் தோல் பெயர்ந்து ஓரம் பல்லுப் பல்லாகப் போய்விடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்கள் வரும். அங்கே தேடுங்கள். உடைந்த துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கடைக்குள் டியூப் லைட்டில் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புதான். கண்ணாடி கனத்தையும் பார்க்க வேண்டும். பழையது 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியும் அதற்குத் தக்கபடிதான் செதுக்கியிருப்பார்கள், 5 மில்லிமீட்டர் கண்ணாடியைக் கொண்டுவந்தால் கண்ணாடியை மேலே பிடித்து நிறுத்தும் மெல்லிய மரத்துண்டான பீடிங் உட்காராது.

வளைவுக்கு டேப் வைத்து அளக்காதீர்கள். அட்டையைக் காடிக்குள் உட்காரும்படி வெட்டி, சுற்றிலும் அரை நூல் (ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு இஞ்ச்) குறைத்து, அந்த அட்டையையே கடையில் கொடுங்கள். பழைய கண்ணாடி என்றால் வெட்டுவதற்கு முன் அழுக்கெல்லாம் போகக் கழுவ வேண்டும், கட்டர் சக்கரத்தில் மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் சில துண்டு கோடு போட்ட பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்கு ஓடும். முடிந்தால் கூடுதலாக ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்: அண்ணே, பழைய ஜன்னல்ல கண்ணாடியைச் சுத்தி இருக்கிற பட்டி பாறை மாதிரி இறுகிக் கிடக்கு. உளி வெச்சுத் தட்டினா நல்லா இருக்கிற கண்ணாடியும் போயிடுமோன்னு பயமா இருக்கு.

பயப்படுவது நியாயம்தான் தம்பி. அந்தக் காலத்துப் பட்டி என்பது சீமைச்சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்தது. வருஷக்கணக்கில் காற்றுப் பட்டு எண்ணெய் இறுகிவிடுகிறது. சூடு காட்டினால் இளகும். ஆனால் நீங்கள் காப்பாற்ற நினைக்கும் கண்ணாடிக்கு அருகில் ஹீட் கன் கொண்டுபோகாதீர்கள், ஒரே இடத்தில் சூடு பட்டால் வெடித்துவிடும். பட்டிமேல் ஆளிவிதை எண்ணெயைத் தடவி ஊற விடுங்கள். மறுநாள் பழைய கத்தியால் மர ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுங்கள். கண்ணாடிப் பக்கம் நெம்பவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாமல், ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே செய்யுங்கள், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுப் பட்டி வைக்குமுன் காடியில் ஒரு கை எண்ணெய் தடவ வேண்டும். பலர் விட்டுவிடுகிற வேலை இது. பர்மாத் தேக்கே ஆனாலும் காய்ந்த காடி பட்டியில் உள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும், பட்டி வெடித்து உதிரும். அப்புறம் அடியில் மெல்லிசாக ஒரு வரி பட்டி போட்டு, அதன்மேல் கண்ணாடியை அமுக்கி உட்கார வையுங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் சின்ன ஆணிகளை அடித்த பிறகுதான் மேல் பட்டி. ஒன்றிரண்டு வாரத்தில் மேலே தோல் கட்டும், அதற்கு முன் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

பட்டிக்குப் பதிலாக மரப் பீடிங் இருந்தால் வேலை சுலபம். நீளமான பீடிங்கின் நடுவில் நெம்பினால் வில்லாக வளைந்து வெளியே வரும். மூலையில் ஆரம்பித்தால் உடையும். கழற்றும்போதே பென்சிலால் நம்பர் போட்டு வையுங்கள், நாலும் ஒரே அளவு போலத்தான் தெரியும், மாற்றி வைத்தால் மூலை சேராது.

நியூ ஜெர்சியிலிருந்து, சொந்த ஊர் கோட்டையூர்: அண்ணே, இங்க வாசக் கதவுக்கு வெளியே ஸ்டார்ம் டோர்னு இன்னொரு கதவு இருக்கு. காத்துல அடிச்சு முழுக் கண்ணாடியும் சிறுசிறு துண்டா நொறுங்கிப் போச்சு. ஆள் கூப்பிட்டா கூலி ரொம்பக் கேக்குறாங்க. நானே மாத்தலாமா?

தாராளமாக மாற்றலாம் தம்பி. ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பனி, மழை, குளிர் காற்று மெயின் கதவில் நேராகப் படாமல் இருக்க அங்கே வெளிப்பக்கம் போடுகிற இலேசான அலுமினியக் கதவு இது. கோடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலை மாட்டிக்கொள்ளலாம்.

சிறுசிறு துண்டாக நொறுங்கியதால் அது டஃபன், அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்திய கண்ணாடிதான். 1977 முதல் அமெரிக்காவில் ஸ்டார்ம் டோருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி சட்டப்படி கட்டாயம். அதனால் சாதாக் கண்ணாடி வெட்டிப் போடுகிற யோசனை வேண்டவே வேண்டாம். டஃபன் கண்ணாடியைச் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. அளவு சொல்லித்தான் செய்து வாங்க வேண்டும், எனவே அளவு தப்பினால் காசு போச்சு.

முதலில் கதவின் ஓரத்தைத் தேடுங்கள், முக்கியமாகக் கீல் பக்கம். மாடல் நம்பர், சீரியல் நம்பர் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். லார்சன், ஆண்டர்சன் போன்ற கம்பெனிகள் அந்த நம்பருக்கு ஏற்ற கண்ணாடியைத் தனியாகவே விற்கிறார்கள். சில மாடல்களில் கண்ணாடி தனக்கென்று ஓர் அலுமினியச் சட்டத்தோடு வரும். திருகு குமிழைத் திருப்பினால் முழுப் பலகையும் கையோடு வந்துவிடும், அப்படியே புதுப் பலகை மாட்ட வேண்டியதுதான்.

ஸ்டிக்கர் அழிந்திருந்தால் நீங்களே அளக்க வேண்டும். கனமான கையுறை போட்டு, கீழே பழைய போர்வை விரித்து, சட்டத்தில் தொங்கும் துண்டுகளை எடுங்கள். உள்பக்கம் கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை இருக்கும். ஒரு மூலையில் பட்டிக் கத்தியை நுழைத்து நெம்பினால் நீளமாக உரிந்து வரும். குளிரில் அந்தப் பிளாஸ்டிக் முறியும், வெயில் வந்த பிறகு செய்யுங்கள். சில கதவில் பட்டைக்குப் பதில் ஸ்குரூ இருக்கும். காடிக்குக் காடி உள்ளளவை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்துக்கொண்டு, அதிலும் ஒரு நூல், அதாவது உங்கள் டேப்பில் எட்டில் ஒரு இஞ்ச், குறையுங்கள். உயரத்துக்கும் அதேபோல. கனத்தை உடைந்த துண்டிலிருந்து அளந்துகொள்ளலாம்.

புதுக் கண்ணாடியைத் தரையில் மூலை ஊன்றி வைத்துவிடாதீர்கள். டஃபன் கண்ணாடி நடுவில் குத்து தாங்கும், ஓரத்தில் சின்ன அடி பட்டாலும் மொத்தமும் உதிர்ந்துவிடும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. கதவு ஏன் அடித்தது? கதவை மெல்ல மூட வைக்கும் காற்றுக் குளோசர் செத்திருக்கும், இல்லை காற்றில் கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்க மேலே இருக்கிற காற்றுச் சங்கிலி அறுந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் கண்ணாடி போட்டால் அடுத்த காற்றுக்கு இதே கதைதான். சட்டமே முறுக்கிக்கொண்டு கதவு நிலையில் சரியாக உட்காரவில்லை என்றால் கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள், புதுக் கதவு வாங்குங்கள்.

காரைக்குடி, கடை வைத்திருப்பவர்: கடை அலுமினியக் கதவுல கண்ணாடி கீழ் மூலையிலிருந்து விரிசல் விட்டுச்சு. மாத்தினேன். புதுசும் அதே மூலையில போயிடுச்சு. மட்டமான கண்ணாடியா?

கண்ணாடிமேல் பழி போடாதீர்கள். அதே மூலை என்றால் அந்த மூலையில்தான் ஏதோ இருக்கிறது. துருத்திய ஸ்குரூ, பழைய கண்ணாடித் துணுக்கு, காய்ந்த சிமெண்ட், இதில் ஒன்று கட்டாயம் அகப்படும். விரலை விடாமல் குச்சியால் தடவிப் பாருங்கள். அடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் சட்டம் சாய்ந்திருக்கிறது, கீல் தொங்கியிருக்கும். கண்ணாடி நேரே அலுமினியத்தில் உட்காரவும் கூடாது, கீழே இரண்டு பக்கமும் கால்வாசி தள்ளி ஒவ்வொரு ரப்பர் துண்டு வைக்க வேண்டும். மூன்றுக்கு ஆறடி, 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 21 கிலோ இருக்கும். அவ்வளவு எடையும் ஒரு ஸ்குரூ முனையில் நின்றால் எந்தக் கண்ணாடியும் தாங்காது.

கானாடுகாத்தான்: பேரப்பிள்ளைகள் ஓடியாடுற வீடு. பால்கனிக் கதவுக்கு எது போடலாம் தம்பி?

டஃபன் போடுங்கள் ஐயா, இல்லையென்றால் நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட். சாதாக் கண்ணாடி கத்திக் கத்தியாக உடையும். மாடி என்பதால் நான் லேமினேட்டட் பக்கம்தான் சாய்வேன், உடைந்தாலும் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கீழே போகிறவர் தலையில் விழாது. டஃபன் என்று சொல்லி விற்றால் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆத்தங்குடி: எங்க கல் பட்டறையில பழைய கண்ணாடித் தட்டு நிறையக் கிடக்கு. ஜன்னலுக்கு வெட்டிக்கலாமா?

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: ஆத்தங்குடிக் கல் என்கிற தரை ஓட்டின் பளபளப்பு பாலீஷ் போட்டு வருவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள், அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இறங்குகிறது. ஆனால் அந்தத் தட்டு ஜன்னலுக்கு ஆகாது அண்ணே. மணல் கீறியிருக்கும், சிமெண்டின் காரம் மேற்பரப்பை அரித்திருக்கும். வெட்டும்போது கீறல் வழியே ஓடும். வீட்டில் சுண்ணாம்படிக்கும்போது கண்ணாடியில் தெறித்தால் உடனே கழுவச் சொல்வதும் இதற்காகத்தான், காயவிட்டால் அந்தத் தடம் போகாது.

புதுவயல்: ஒன்றேகால் அடிக்கு ஒன்றரை அடிக் காசு வாங்குறாங்களே, நியாயமா?

பல கடைகளில் அளவை மேலே ஏற்றித்தான் கணக்குப் போடுவார்கள், மூன்று இஞ்ச், ஆறு இஞ்ச் என்று கடைக்குக் கடை மாறும். மிச்சத் துண்டு வீணாகிறது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வெட்டுமுன் கேளுங்கள், மிச்சத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஊர் சொல்ல வேண்டாம் என்றவர்: பங்காளி வீடு. ஒருத்தர் உடைஞ்ச கண்ணாடிக் கதவையெல்லாம் மொத்தமா வித்துட்டுப் புதுசா போடலாம்கிறார்.

வழக்கு உங்கள் வீட்டுக்குள், நான் கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு துண்டு உடைந்ததற்காகக் கதவை விற்பது நஷ்டம். வாங்குகிறவர் மரத்துக்கும் மீதிக் கண்ணாடிக்கும்தான் காசு போடுவார், அந்த மரத்தில் அதே வேலைப்பாட்டோடு திரும்பச் செய்ய அதைப்போல் பல மடங்கு ஆகும். பழைய கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்வீடு லேசாக நெளியும். இன்றைய கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்வது, நெளிவே இருக்காது. பெரிய ஹோட்டல்காரர்கள் அந்த நெளிவுக்காகவே தேடி வாங்குகிறார்கள் என்பதைப் பங்காளிகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அரியக்குடி: ஐப்பசியில அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். முகப்புக் கதவுல கண்ணாடி கீறிக் கிடக்கு, அதுக்குள்ள ஆள் கிடைக்கல. சிலிகான் வெச்சு ஒட்டிடலாமா?

ஒட்டினால் பசையெல்லாம் பிதுங்கி இன்னும் கோரமாகத் தெரியும். அபசகுனம் என்று பெரியவர்கள் வருத்தப்பட்டால், துண்டை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் வெட்டி அதே பீடிங்கில் மாட்டுங்கள். வீட்டிலேயே அறுக்கலாம். கண்ணாடியைவிட வெயிலுக்கு அதிகம் விரியும், அதனால் சுற்றிலும் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். மழைக்காலம் முழுக்க அப்படியே இருக்கட்டும். மரம் ஊறியிருக்கும்போது அளவெடுத்தால் பங்குனியில் கண்ணாடி ஆடும். மாசி பிறந்ததும் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம். சிலிகான் தேவைப்பட்டால், முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரிலோ மார்பிளிலோ படும் இடத்துக்கு நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற சாதா வகை புளிப்பு, சுண்ணாம்பைத் தின்றுவிடும்.