ஏபி வேதியியலில் 5 இருந்தால் பொது வேதியியலை விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம், ஆனால் அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. உங்கள் மகள் பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைக்கிறாள், ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு; 5 தான் அதிகபட்ச மதிப்பெண்) கிரெடிட்டை இப்போதைய கல்லூரி ஏற்றுக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் அதற்குப் பதில் கல்லூரியில் மேல்நிலை (பொது வேதியியலுக்கு அடுத்த நிலை) வேதியியல் பாடம் ஒன்றை ஆய்வகத்தோடு எடுக்கட்டும்.

குழப்பம் வந்த இடம் இதுவாகத்தான் இருக்கும்: கல்லூரி ஆலோசகர் "முடிந்தது" என்றது பட்டப்படிப்புக்கு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கணக்கு வேறு. சில ஏபியை அப்படியே ஏற்கும், சில மேல்நிலைப் பாடமும் இருந்தால்தான் ஏற்கும், சில ஏற்பதே இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் (சேர்க்கை விதிகளின் தொகுப்பு) தளத்தில் கல்லூரிவாரியாகப் பார்க்கலாம். உங்கள் மாநில அரசுக் கல்லூரிகளில் தொடங்குங்கள். டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) அந்த கிரெடிட் பாடப்பெயரோடு பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம், நேராக ஆர்கானிக் (கரிம) வேதியியலுக்குப் போகும் முன் ஒரு சின்ன சோதனை. நைட்ரேட் அயனியின் ரெசொனன்ஸ் வடிவங்களை அவளை வரையச் சொல்லுங்கள். அசெட்டிக் அமிலம், எத்தனால் இரண்டில் எது வலுவான அமிலம், ஏன் என்று கேளுங்கள். தயங்காமல் சொன்னால் போகட்டும். தடுமாறினால் பொது வேதியியலே நல்லது. ஏபி மதிப்பெண் ஜிபிஏவில் (கல்லூரிப் பாடங்களின் சராசரி) சேராது. கல்லூரியில் பொது வேதியியலில் வாங்கும் ஏ கிரேடு, அறிவியல் ஜிபிஏவில் சேரும். ஒரு செமஸ்டர் மிச்சப்படுத்த ஆர்கானிக்கில் சி வாங்குவது என்ன கணக்கு என்று எனக்குப் புரிவதில்லை.

ஒன்று கவனியுங்கள்: கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவில் இருந்தால், பல மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. அதை முதலில் பாருங்கள்.