பரணிலிருந்து இறக்கிய ஆம்ப்ளிஃபயர்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் 18 வருஷமாகப் பரணில் கிடக்கிறது. துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: துடையுங்கள். நேராக பிளக்கில் மட்டும் செருகாதீர்கள். பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சர்கள் (எலக்ட்ரோலிட்டிக் வகை) உண்டு. அவற்றுக்குள் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. மின்சாரமே படாமல் கிடந்தால் அது நலிந்துவிடும். முழு வோல்ட்டேஜ் திடீரென்று ஏறினால் மின்கசிவு அதிகமாகி, சூடாகி, சில சமயம் வெடித்தும் விடும். 60 வாட் குண்டு பல்பை சீரீஸில், அதாவது செட்டுக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி, கொடுத்துப் போடுங்கள். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பயமில்லை. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடுங்கள். வேரியாக் (வோல்ட்டேஜைக் கையால் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கிடைத்தால் இன்னும் நல்லது. சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் படலம் மறுபடி வளரும். ஸ்பீக்கரைக் கடைசியில் மாட்டுங்கள், அவுட்புட்டில் டி.சி. (நேர்மின்சாரம்) இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு.

கேள்வி: எல்.இ.டி. பல்பு போடலாமா?

பதில்: கூடாது. இழை சூடேறினால்தான் தடை ஏறும். நமக்குக் காவலே அதுதான்.

கேள்வி: டேப் டெக்கில் மோட்டார் சுற்றுகிறது, கேசட் ஓடவில்லை.

பதில்: பெல்ட். தார் மாதிரி உருகியிருக்கும். துணியில் பட்டால் போகாது. என் வேட்டி ஒன்று அப்படித்தான் போயிற்று.

கேள்வி: 30 வருஷ செட் என்றால் எல்லா கண்டென்சரையும் மாற்றுவதுதானே முறை?

பதில்: முறை இல்லை, ஆசை. பிலிம் கண்டென்சர்கள் (பிளாஸ்டிக் படலம் வைத்தவை) பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கை ஒட்டியிருக்கும் எலக்ட்ரோலிட்டிக்கை முதலில் பாருங்கள்.

அதே நண்பர்: ஆயுளே 2000 மணி நேரம் என்றுதானே போடுகிறார்கள்?

பதில்: அது 105 டிகிரியில். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் 32,000 மணி. தினம் 4 மணி நேரம் கேட்டால் 21 வருஷத்துக்கு மேல் வரும்.

அதே நண்பர்: ஓடாமலே கிடந்த செட்டுக்கு அந்தக் கணக்கு எப்படிச் செல்லும்?

பதில்: சரி, பிடித்துவிட்டீர்கள். செல்லாது. சும்மா கிடந்தாலும் அடியிலுள்ள ரப்பர் அடைப்பு வழியே உள்ளிருக்கும் திரவம் மெல்ல வற்றும். ஓட்டுக்கூரைக்குக் கீழே பரண், மேலே மே மாத வெயில் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கண்டென்சரின் உள்தடையைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில் அளந்து, கெட்டதை மாற்றச் சொல்கிறேன். ஒரே ராத்திரியில் 34 கண்டென்சர் மாற்றப்பட்ட செட் ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஒன்று தலைகீழ். இரண்டு இடத்தில் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்திருந்தது. மாற்றும்வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்ததாம்.

கேள்வி: வால்வு ரேடியோவுக்கும் இதேதானா?

பதில்: அங்கே நான் கட்சி மாறிவிடுவேன். மெழுகுக் காகித கண்டென்சர்கள் ஈரம் இழுத்துக் கசியும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் கண்டென்சர் கசிந்தால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போகும். அளக்காமலே மாற்றுங்கள்.

கேள்வி: 12 வருஷமாகக் கிடந்த ஆம்ப். அப்படியே போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: படித்தேன். என்னுடையது வேறு கம்பெனி ஆயிற்றே?

பதில்: கண்டென்சருக்குக் கம்பெனி தெரியாது. பல்பு.