பழைய கணினியிலிருந்து புதியதற்கு: அச்சகக் கோப்புகளை மாற்றும்போது எழுத்துருக்களை மறந்துவிடாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியில், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளாக இருக்கின்றன. டேலி கணக்கும் குடும்பப் படங்களும் அதில்தான். மொத்தம் 300 ஜிபி இருக்கும். இப்போது விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கியிருக்கிறேன். பென்டிரைவில் எடுத்து மாற்றினால் போதுமா? ஆவணி முகூர்த்தங்களுக்குள் முடிக்க வேண்டும்.

பதில்: ஆடியில் வேலை குறைந்திருக்கும்போதே இதைத் தொடங்குவது நல்லது. ஏனெனில், கோப்புகளை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட, அவை புதிய கணினியில் முன்புபோலவே திறக்கின்றனவா என்று பார்ப்பதற்கு உங்களைப் போன்ற அச்சகத்தாருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

300 ஜிபி அளவுக்குப் பென்டிரைவ் ஏற்றதன்று. 1 டிபி வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு அதுவே உங்கள் காப்பு நகலாகவும் இருக்கும். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 என்னும் முறையில் வடிவமைக்கப்பட்டிருப்பதால், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை, உதாரணமாக நீளமான திருமண வீடியோவை, ஏற்க மறுத்துவிடும். பழைய கணினியில் யுஎஸ்பி 2.0 துளை மட்டுமே இருந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 30 எம்பி வேகம்தான் கிடைக்கும் என்பதால், 300 ஜிபிக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் நீளும். ஆகவே, பராமரிப்புக்காக மின் நிறுத்தம் அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துவிட்டு, யுபிஎஸ் இணைப்பில் வைத்து இதைச் செய்யுங்கள். எந்தக் கோப்பையும் ‘கட்’ செய்ய வேண்டாம், ‘காப்பி’ மட்டுமே செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் மூலக் கோப்பு பழைய இடத்தில் அப்படியே இருக்கும்.

இனி எழுத்துருக்கள். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளில் இருப்பது யுனிகோடு தமிழ் அன்று, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் இன்றைய பொது முறை அன்று. பேஜ்மேக்கருக்கு யுனிகோடே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பழைய எழுத்துருக்களைக் கொண்டுதான் நீங்கள் இத்தனை காலம் தட்டச்சு செய்திருப்பீர்கள். கோப்பினுள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கிலக் குறியீடு மட்டுமே, அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. எனவே, கோப்பை மட்டும் கொண்டுபோய் எழுத்துருவை விட்டுவிட்டால், மாப்பிள்ளை பெயரும் முகூர்த்த நேரமும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் புள்ளிக்கு அரைப்புள்ளியின் (;) இடம் கொடுக்கப்பட்டிருப்பதால், மெய்யெழுத்து வருமிடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். இதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுபவர்கள் உண்டு. கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதற்குரிய எழுத்துருவை நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய கணினியில் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்னும் கோப்புறை இருக்கும். அதிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் தனிக் கோப்புறை ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் அவற்றைத் தேர்ந்தெடுத்து, மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுக’ என்ற பொருள்படும் தெரிவையே சொடுக்குங்கள். வெறும் ‘நிறுவுக’ என்பதைச் சொடுக்கினால் எழுத்துரு அந்த ஒரு பயனருக்கு மட்டும் பதிவாகும். பழைய மென்பொருள்கள் சில அதைக் காண்பதில்லை. தட்டச்சு மென்பொருளையும், அதனுடன் தந்த டாங்கிலையும் (கணினியில் செருகும் உரிமச் சாவி) மறந்துவிடாதீர்கள். மென்பொருள்களைக் கோப்புபோல நகலெடுத்தால் அவை இயங்கா, புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும்.

பேஜ்மேக்கரே விண்டோஸ் 11இல் ஓடுமா என்பது அடுத்த கவலை. அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. ஓடினாலும் அதை நம்பி முகூர்த்த காலத்தில் வேலையை ஏற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேஜ்மேக்கருக்குப் பின் வந்த வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. அடிக்கடி தேவைப்படும் வடிவமைப்புகளைப் பழைய கணினியிலேயே, எழுத்துருக்களைப் பொதிந்து, பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிள்ளையார் படம், பார்டர் போன்றவை கோப்பினுள் இல்லாமல் இணைப்பாக மட்டும் இருந்திருந்தால், அவை இருந்த டிரைவின் பெயர் மாறியதும் காணாமற்போகும். பழைய வேலைகள் டி டிரைவில் இருந்தன, புதிய மடிக்கணினியிலோ சி மட்டுமே உள்ளது என்றால், டி என்ற பெயரில் ஒரு பகுதியைப் பிரித்து, பழைய கோப்புறைப் பெயர்களையே அதில் வைத்துவிடுவது எளிய வழி.

டேலியில் தரவுக் கோப்புறையை நகலெடுப்பதோடு, பழைய கணினியில் உரிமத்தை ‘சரண்டர்’ செய்த (திருப்பி ஒப்படைத்த) பிறகே புதியதில் செயல்படுத்துங்கள்.

விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக நுழைந்தால், டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் தாமாகவே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுடன் இணைந்துவிடக்கூடும். அதன் இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால், குடும்பப் படங்களை அங்கே ஒட்டிய சற்று நேரத்திலேயே இடமில்லை என்ற எச்சரிக்கை வரும். அந்தக் காப்பு வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள்.

முடிந்ததும் இரு பக்கத்துக் கோப்புறைகளின் ‘ப்ராப்பர்டீஸ்’ பக்கத்தைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் ‘சைஸ்’ என்ற அளவையும் ஒப்பிடுங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்பது டிஸ்க்குக்கு டிஸ்க் வேறுபடும், அதைக் கண்டு பதற வேண்டாம். எண்ணிக்கை பொருந்திய பிறகும், ஒவ்வோர் ஆண்டின் கோப்புறையிலிருந்தும் இரண்டு மூன்று வேலைகளைத் திறந்து, படமும் எழுத்தும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய கணினியை உடனே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். இணைய இணைப்பை மட்டும் துண்டித்துவிடுங்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், டேலி தரவின் ஒரு நகல் வெளிப்புற டிஸ்க்கில் இருக்கட்டும். பிறகு விற்பதானாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டே விற்றுவிடுங்கள். வாடிக்கையாளர்கள் நகல் எடுக்கத் தந்த ஆதார் அட்டைகளும் புகைப்படங்களும் அதில் கிடக்கும், வெறுமனே அழித்தவற்றை மீட்டெடுப்பது கடினமான காரியம் இல்லை.