தலையாட்டும் இருநூறு பேர்

கே: அறுபது பேர் வகுப்பில் சிக்கல் இல்லை. இந்தப் பருவத்தில் மூன்று பிரிவுகளைச் சேர்த்து 180 பேரைக் கொடுத்துவிட்டார்கள். கை நடுங்குகிறது, அது எல்லோருக்கும் தெரிகிறதே என்று மேலும் நடுங்குகிறது. – விரிவுரையாளர், தாம்பரம்

ப: நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரியாது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. இந்த உண்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மேடையேறியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கையில் மெல்லிய தாளைப் பிடிக்காதீர்கள், நடுக்கத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். முதல் நாளே காலி அரங்குக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

கே: மைக் அடிக்கடி வீல் என்று கத்துகிறது. – பெரம்பூர்

ப: ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்கிறீர்கள். அதற்குப் பின்னால் வாருங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். வாயிலிருந்து நாலு விரல் தூரம் போதும்.

கே: ஒவ்வொரு பகுதி முடிந்ததும் 'புரிகிறதா?' என்று கேட்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தேர்வில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இக்கால மாணவர்களுக்கு அக்கறையே இல்லை. – பேராசிரியர், அம்பத்தூர்

ப: அக்கறை இருக்கட்டும். 'புரிகிறதா?' என்பது கேள்வியே அல்ல, பூம்பூம் மாட்டிடம் கேட்பது. இருநூறு பேர் நடுவில் எழுந்து 'புரியவில்லை சார்' என்று சொல்ல எந்தப் பையனுக்குத் துணிச்சல் வரும்? நானும் ஏழெட்டு ஆண்டுகள் இதையே கேட்டவன்தான். ஒருநாள் சக ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் 'புரிகிறதா?' என்றார். பக்கத்திலிருந்த மாணவி தலையை ஆட்டிக்கொண்டே நோட்டின் ஓரத்தில் 'எந்தப் பக்கம்டி?' என்று எழுதித் தோழியிடம் நகர்த்தினாள். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு விடைகளோடு ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். விடை எண்ணை விரல்களால் நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். பிறகு பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடியும் விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் மசூர் தொண்ணூறுகளிலேயே இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறை இது. பெரிய வகுப்புக்கென்றே ஏற்பட்டது போலப் பொருந்தும். இன்னொன்று, கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் விடைகளும் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

கே: வகுப்புக்கு முன் ப்ரொப்ரானலால் மாத்திரை போட்டால் படபடப்பு வராது என்கிறார் நண்பர்.

ப: நண்பர் மருத்துவரா? ஆஸ்துமா இருப்பவருக்கு அது ஆபத்து. மருத்துவரைப் பாருங்கள்.

கே: பயமாக இருக்கிறது. உடனடித் தீர்வு தேவை.

ப: என்ன பாடம், எத்தனை பேர், மைக் உண்டா, எதுவுமே எழுதவில்லை. இதற்கு ஜோசியரிடம்தான் போக வேண்டும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் காலி அரங்கின் கடைசி வரிசையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கே: தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் தடுமாறினால் பின்வரிசை சிரிக்கிறது. – குரோம்பேட்டை

ப: வரையறையை ஆங்கிலத்தில் பலகையில் எழுதுங்கள், தேர்வு அந்த மொழியில்தான். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். வெளிமாநில மாணவர்கள் இருந்தால் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் இன்னொரு முறை. சிரிப்பு கேட்டால் நிறுத்தாமல் பேசிக்கொண்டே பின்வரிசைக்கு நடந்து போய், அங்கே நின்று ஐந்து நிமிடம் பாடம் நடத்துங்கள்.