கென்னடிய சுட்டப்போ கேட்டது எத்தனை வேட்டு? காதால கேட்ட சாட்சிங்க பத்தி கேள்வி பதில்

கென்னடி கொலை பத்தி பேச ஆரம்பிச்சாலே ஒரே சண்டைதான், மூணு ஷாட்டா நாலு ஷாட்டா, பின்னாடி இருந்து சுட்டானா முன்னாடி இருந்து சுட்டானான்னு. யாரு சுட்டதுன்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. எனக்கு சவுண்ட் லைன்ல வேலை, அங்க நின்னவங்க குடுத்த வாக்குமூலங்கள வருஷக்கணக்கா படிச்சிட்டு வரேன், அதனால காது சம்பந்தப்பட்டத கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும்: 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை மதியம் 12:30. டல்லாஸ்ல டீலி பிளாசா, எல்ம் தெரு. திறந்த கார்ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் மனைவியும், அவங்களுக்கு முன் வரிசையில டெக்சாஸ் கவர்னர் கானலியும் அவர் மனைவியும். காருக்குப் பின்னாடி தெருமுனையில ஏழு மாடி பாடப்புத்தக குடோன், அதோட ஆறாவது மாடி ஜன்னல்ல இருந்துதான் லீ ஹார்வி ஆஸ்வால்ட் சுட்டான்னு 1964ல வாரன் கமிஷன், அதாவது கொலைய விசாரிக்க அரசாங்கம் போட்ட குழு, சொல்லுச்சு. காருக்கு முன்னால வலது பக்கம் ஒரு புல் மேடு, மேல மரவேலி. சண்டையெல்லாம் இந்த ரெண்டு இடத்துக்கு நடுவுலதான்.

அண்ணே, அங்க நின்னவங்க மெஜாரிட்டி என்னதான் சொன்னாங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

1970கள் கடைசியில அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி ஒண்ணு 178 பேர் சொன்னத எடுத்து எண்ணிப் பாத்துச்சு. 132 பேர் மூணு ஷாட்னு சொல்லியிருக்காங்க. எங்க இருந்து வந்துச்சுங்கறதுலதான் கூத்து, 49 பேர் குடோன், 21 பேர் புல் மேடு, 30 பேர் வேற எங்கயோ, மிச்சம் 78 பேர் தெரியலன்னுட்டாங்க. தெரியலன்னு சொன்ன கூட்டம்தான் இருக்குறதுலயே பெரிசு, ஆனா வீடியோ போடுற ஒருத்தனும் அவங்கள பத்தி பேச மாட்டான்.

இதுல இன்னொண்ணும் சொல்லணும், அந்த 132ஐயும் நான் அப்படியே முழுங்க மாட்டேன். யுபிஐ செய்தி நிறுவன நிருபர் மெரிமன் ஸ்மித் ஊர்வலத்துல பிரஸ் கார்ல முன் சீட்ல இருந்தாரு, சத்தம் கேட்ட உடனே கார் போன புடுங்கி "மூணு ஷாட்"னு நியூஸ் குடுத்துட்டாரு, சம்பவம் நடந்து நாலு நிமிஷத்துல அது ஊர் பூரா போயிடுச்சு. (கூட இருந்த போட்டி நிறுவனம் ஏபியோட நிருபர் போனக் கேட்டு அடிச்சே பாத்தாரு, மனுஷன் விடவே இல்ல.) அதுக்கப்புறம் ரேடியோ, டிவி எல்லாத்துலயும் மூணு மூணு மூணுதான். ரெண்டுன்னு நினைச்சவன்கூட நமக்குத்தான் ஒண்ணு காதுல விழலயோன்னு மாத்திக்குவான். அதனால அன்னிக்கு மதியமே எழுதிக் குடுத்த வாக்குமூலத்துக்கு நான் குடுக்குற வெயிட்ட, பத்து வருஷம் கழிச்சு குடுத்த பேட்டிக்குக் குடுக்க மாட்டேன்.

துப்பாக்கி சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு கூடவா சார் ஒரு மனுஷனுக்குத் தெரியாது?

தெரியாது சார், நிஜமாவே ரொம்ப கஷ்டம். குடோன்ல கிடைச்சது இத்தாலி நாட்டு 6.5 மில்லிமீட்டர் கார்கானோ ரைஃபிள், அதோட தோட்டா சத்தத்தோட வேகத்த மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகத்துல போகும். அப்போ ஒரு தடவை சுட்டா ரெண்டு சத்தம் வரும். தோட்டா காத்தக் கிழிச்சிட்டு போற பாதையில இருந்து சுள்ளுனு ஒரு 'பட்', அப்புறம் துப்பாக்கி வாயில இருந்து 'டும்'. தோட்டா போற வழிக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு 'பட்'தான் முதல்ல வந்து சேரும், அதுவும் துப்பாக்கி இருக்குற திசையில இருந்து வராது, தோட்டா கடந்து போன ஏதோ ஒரு இடத்துல இருந்து வரும். காது முதல்ல வந்தத புடிச்சிக்கும். இதுக்கு மேல மூணு பக்கம் உயரமான பில்டிங், எதிர்ல கான்கிரீட் ரயில் பாலம், எக்கோ வேற. ரெண்டு பக்கமும் மாடி வீடு இருக்குற சந்துல தீபாவளிக்கு அணுகுண்டு வெடிச்சா எந்த வீட்டு வாசல்ல வெடிச்சதுன்னு சொல்ல முடியாதுல்ல, அந்தக் கதைதான்.

புல் மேட்டுக்குப் பின்னாடி ரயில்வே டவர்ல லீ பவர்ஸ்னு ஒருத்தர் டியூட்டில இருந்தாரு. அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச சாட்சியம். மூணு ஷாட் கேட்டுச்சு, ஆனா குடோன் பக்கமா பாலத்துப் பக்கமான்னு சொல்ல முடியாது, ஏன்னா இந்த இடத்துல பல வருஷமா வேலை பாக்குறேன், ரெண்டு பக்கம் இருந்து வர்ற சத்தமும் இங்க ஒரே மாதிரிதான் கேக்கும்னாரு. அந்த இடத்து எக்கோவ முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்த ஆளு, அவரே அடிச்சு சொல்லல.

குடோனுக்கு உள்ள வேலை பாத்தவங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?

இதுதான் சரியான கேள்வி. ஆஸ்வால்ட் இருந்ததா சொல்ற ஜன்னலுக்கு நேர் கீழ, அஞ்சாவது மாடியில, அங்க வேலை பாத்த மூணு பேர் ஊர்வலம் பாத்துட்டு இருந்தாங்க, ஹெரால்ட் நார்மன், பானி ரே வில்லியம்ஸ், ஜேம்ஸ் ஜார்மன். மேல தளத்துல அப்போ பலகை மாத்திட்டு இருந்தாங்க, இடுக்கு வழியா வெளிச்சம் தெரியற அளவுக்கு ஓட்டை. நார்மன் என்ன சொன்னாருன்னா, வெடிச்ச சத்தம், அப்புறம் ரைஃபிள் போல்ட்ட (அடுத்த தோட்டாவ ஏத்துற கைப்பிடி) இழுத்து தள்ளுற சத்தம், அப்புறம் காலி தோட்டாக்கூடு தரையில விழற சத்தம். வில்லியம்ஸ் தலையில காரைத்தூள் கொட்டியிருந்துச்சு, கூட இருந்தவங்களே பாத்திருக்காங்க. பின்னாடி கமிஷன்காரங்க மேல ஒரு ஆள வச்சு போல்ட்ட இழுத்து, காலி தோட்டாக்கூட தரையில போட வச்சு, கீழ நின்னு கேட்டுப் பாத்தாங்க, கேட்டுச்சு. டும்முங்கற சத்தம் எக்கோ ஆகி எங்க வேணா போகும், கூடு தரையில விழற சின்ன சத்தம் எக்கோ ஆகி நாலு தெரு சுத்தி வராது. அதனாலதான் இது எனக்கு பெருசா தெரியுது.

ஆனா கூத்து என்னன்னா, தலைக்கு மேலயே கேட்ட இந்த மூணு பேரும் உடனே மேல ஏறல, அதே மாடியில மேற்கு பக்க ஜன்னலுக்கு ஓடி ரயில் லைன் பக்கம் எட்டிப் பாத்தாங்க. ஏன்னா கீழ எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடிட்டு இருந்தாங்க. அப்போ "அவ்ளோ பேர் புல் மேட்டுக்கு ஓடினாங்களே"ங்கறது எவ்ளோ தூரம் சாட்சியம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மேரியன் பேக்கர்னு மோட்டார்சைக்கிள் போலீஸ் ஒருத்தர், அப்பதான் மான் வேட்டைக்குப் போயிட்டு வந்தவரு, ரைஃபிள்தான்னு புரிஞ்சிருச்சு, குடோன் கூரையில இருந்து புறா கூட்டமா கிளம்புறதயும் பாத்தாரு. நேரா உள்ள ஓடிட்டாரு, ரெண்டாவது மாடி சாப்பாட்டு ரூம்ல ஆஸ்வால்டயே பாத்தாரு, இங்க வேலை பாக்குறவன்னு மேனேஜர் சொன்னதும் விட்டுட்டாரு.

தலைவா, மேட்டுல புகை பாத்தேன்னு ஒருத்தர் சொன்னாரே, அவர மட்டும் ஏன் ஒதுக்குறீங்க?

ஒதுக்கல. எஸ்.எம். ஹாலண்ட், ரயில்வே ஆளு, பாலத்து மேல நின்னவரு. நாலு ஷாட் கேட்டேன், மரத்தடியில புகை பாத்தேன்னு அன்னிக்கே சொன்னாரு, கடைசி வரைக்கும் மாத்தல. பொய் சொல்ற மனுஷன்னு எனக்குத் தோணல. வேலிக்குப் பின்னாடி அவரே ஓடிப் போய் பாத்தாரு, காலடித் தடம் இருந்துச்சு, ஒரு கார் பம்பர்ல சேறு இருந்துச்சு, ஆளும் இல்ல தோட்டாக்கூடும் இல்ல. அங்க நிக்குது அந்த சாட்சியம், என்னால அத முன்னாடியும் தள்ள முடியல, பின்னாடியும் தள்ள முடியல.

கானலி தன் மேல பட்ட ஷாட்டயே கேக்கலன்னு சொன்னாராமே, உருட்டு தானே?

உருட்டு இல்லங்க. முதல் ஷாட் கேட்டு ரைஃபிள்னு கண்டுபிடிச்சேன், வலது பக்கம் திரும்பினேன், முதுகுல யாரோ குத்தின மாதிரி இருந்துச்சு, அந்த சத்தம் கேக்கல, அதுக்கடுத்தது கேட்டுச்சுன்னாரு. தோட்டா சத்தத்த விட முந்தி வந்துடும், ஆனா அந்த வித்தியாசம் ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குகூட கிடையாது, அடி வாங்கின அதிர்ச்சியில மண்டை சத்தத்த எடுத்துக்கல, அவ்ளோதான். கேக்கலங்கறது வேற, சத்தமே வரலங்கறது வேற.

போலீஸ் ரேடியோ ரெக்கார்டிங்ல நாலு ஷாட் பதிவாகியிருக்குன்னு கமிட்டியே சொல்லுச்சே?

சொல்லுச்சு, 1979ல, அந்த நாலுல ஒரு ஷாட் புல் மேட்டுல இருந்து வந்ததுக்கு 95 சதவீத வாய்ப்புன்னு. ஏதோ ஒரு போலீஸ் மோட்டார்சைக்கிள் மைக் ஆன்லயே மாட்டிக்கிட்டு ஓடுச்சு, அதுல பதிவானதா கணக்கு. நீங்க போட்டுக் கேட்டா ஒரு ஷாட்டும் கேக்காது, இஞ்சின் இரைச்சல்தான், அதுக்குள்ள அலை வடிவத்த தேடி எடுத்தாங்க. அப்புறம் ஒரு டிரம்ஸ் வாசிக்கிற ஆளு, விஞ்ஞானி எல்லாம் இல்ல, பத்திரிகையோட குடுத்த ரெக்கார்டத் திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டு, அதே இடத்துல இன்னொரு சேனல்ல ஷெரீப் பேசினது லேசா கலந்து கேக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. ஷெரீப் அத பேசினது சுட்டு முடிச்சு சுமார் ஒரு நிமிஷம் கழிச்சு. 1982ல தேசிய அறிவியல் அகாடமி குழு பாத்துட்டு, அந்த அலையெல்லாம் துப்பாக்கி சத்தமே இல்லன்னு சொல்லிடுச்சு. இதுக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்புன்னு ஓடிட்டேதான் இருக்கு, ஆனா நான் அகாடமி பக்கம்தான்.

கடைசி ரெண்டு ஷாட்டும் ஒட்டி ஒட்டி கேட்டுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்களே? அந்த ரைஃபிள்ல அப்படி சுட முடியுமா?

எஃப்பிஐ டெஸ்ட் படி ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் குறைஞ்சது 2.3 செகண்ட் வேணும். ஒட்டி ஒட்டின்னு சொன்னவங்கள்ல சில பேர் கேட்டது ஒரே ஷாட்டோட பட்-டும்மா இருக்கலாம், இல்ல எக்கோவா இருக்கலாம். எல்லாருக்கும் இதே விளக்கம் பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், காருக்கு உள்ளயே முன்னாடி உக்காந்திருந்த சீக்ரெட் சர்வீஸ் (ஜனாதிபதி பாதுகாப்புப் படை) ஆள் கெல்லர்மனும் கடைசியில சடசடன்னு வந்துச்சுன்னுதான் சொன்னாரு.

காந்தி கொலையிலயும் நாலாவது குண்டு கதை இருக்குல்ல?

இருக்கு, மூணு குண்டுதான்னு வழக்குல முடிஞ்சது, நாலாவதுன்னு மறுவிசாரணை கேட்டுப் போன மனுவ 2018ல சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு. ஆனா காது விஷயம்னா அங்க ஹே ராம்தான். காந்திக்குப் பின்னாடியே நடந்து வந்த செயலாளர் கல்யாணம், சென்னையில இருந்தாரே, ஹே ராம் தன் காதுல விழலன்னு சொன்னாரு. காந்தி சொல்லவே இல்லன்னு பேப்பர்ல வந்துடுச்சு. பெரியவர் கடைசி காலத்துல, நான் கேக்கலன்னுதான் சொன்னேன், அவர் சொல்லலன்னு சொல்லலன்னு விளக்கம் குடுக்க வேண்டியதா போச்சு.

யூடியூப்ல சப்ரூடர் ஃபிலிம்ல நாலு ஷாட் தெளிவா கேக்குதே ப்ரோ, அத பத்தி பேசவே இல்ல?

ப்ரோ, சப்ரூடர்ங்கறவர் அங்க நின்னு ஊர்வலத்த படம் புடிச்சவரு, அவர் கேமரா 8 மில்லிமீட்டர், அதுல மைக்கே கிடையாது. மொத்தம் 26 செகண்ட் சொச்சம், ஊமைப்படம். நீங்க கேட்ட சத்தம் வீடியோ போட்டவர் சேத்தது.